பாவியைத் தேடிச் சென்ற புனித அருளானந்தர்



கடவுள் பாவியை நேசிக்கிறாரா என்று கேட்டால், நாம் எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வோம். பாவி மனந்திரும்பும் முன்பே நேசிக்கிறாரா, திரும்பிய பிறகுதான் நேசிக்கிறாரா என்று கேட்டால் சற்றுத் தயங்குகிறோம். இக்கேள்விக்கு நம் தமிழ் மண்ணில் தம் இரத்தத்தால் விடை தந்தவர் புனித அருளானந்தர். இந்த ஜூபிலி வேளையில் அவரை நினைவுகூர்வோம்.

ஜான் தெ பிரிட்டோ என்னும் இயற்பெயருடைய அவர் 1647-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்தார். 1662-ல் சேசு சபையில் சேர்ந்தார். 1673-ல் இந்தியாவுக்குக் கப்பலேறி, பின்னர் மதுரை மிஷனுக்கு வந்தார். நம் கருமத்தம்பட்டியில் விசுவாசத்தை விதைத்ததும் இந்த மிஷனே. காவியுடை தரித்து, புலால் நீக்கி, பண்டாரசுவாமியாக ஊர் ஊராக நடந்தார். 1686-ல் மறவர் நாட்டில் பிடிபட்டுக் கொடிய வாதைகளை அனுபவித்தார். விடுதலையானபின் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். போர்த்துகல் அரசர் அவரை அங்கேயே நிறுத்திக்கொள்ள விரும்பியும் இணங்காமல், 1690-ல் நம்மிடமே திரும்பி வந்தார்.

அந்நாளில் சேதுபதி மரபினரான தடியத்தேவர் தீராத நோயில் விழுந்தார். எந்த வைத்தியமும் பலிக்கவில்லை. அருளானந்தரின் உதவியை நாடினார். அவர் உபதேசியார் ஒருவரை அனுப்பினார். உபதேசியார் நோயாளியின்மேல் சுவிசேஷம் வாசிக்க, நோய் நீங்கிற்று. தேவருக்கு அப்போது ஐந்து மனைவியர். வாழ்க்கையைத் திருத்திக்கொண்ட பிறகு வா என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அருள் முந்திக்கொண்டு அவர் வீட்டுக்கே வந்தது.

குணமடைந்த தேவர் ஞானஸ்நானம் கேட்டார். அப்போதுதான் அருளானந்தர், ஒரே மனைவியோடு வாழவேண்டும் என்றார். பெரிய இடத்து மனிதர் என்று சட்டத்தைத் தளர்த்தவில்லை. தேவரும் இசைந்து, 1693 ஜனவரி 6-ஆம் நாள், மூன்று ராஜாக்கள் திருநாளன்று ஞானஸ்நானம் பெற்றார். விலக்கப்பட்ட மனைவியருள் இளையவர் சேதுபதி அரசரின் உறவினர். அவர் மனம் நொந்து அரசரிடம் முறையிட்டார். அந்தப் பெண்ணின் வேதனையும் சிறிதன்று. இரண்டே நாளில் அருளானந்தர் கைதானார். பிப்ரவரி 4-ஆம் நாள், திருநீற்றுப் புதனன்று, ஓரியூரில் அவர் தலை வெட்டுண்டது. 1947 ஜூன் 22-ல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

கடவுளின் அன்புக்கு நாம் கொடுக்கும் விலை எதுவுமில்லை. ஆனால் அந்த அன்பு நம்மை விழுந்த இடத்திலேயே விட்டுவைப்பதுமில்லை. இறையருள் நம் புண்ணியத்தைப் பாராமல் முதலில் அழைக்கிறது, நாம் இசைந்து திரும்பவேண்டும் என்று திரெந்து பொதுச்சங்கமும் 1547-ல் போதித்தது. தேவர் மனந்திரும்பினார், அதற்கான விலையைத் தம் உயிரால் கொடுத்தவரோ குரு. கல்வாரியிலும் நடந்தது இதுதானே!

வாழ்வை ஒழுங்குபடுத்திக்கொண்டு கோவிலுக்கு வரலாம் என்று வருடக்கணக்காக வெளியே நிற்கும் சகோதர சகோதரிகள் நம் பங்கிலும் உண்டு. அவர்கள் இன்றே வரட்டும். அவர் எப்படியும் நேசிப்பார் என்று பழைய பாவத்திலேயே அமர்ந்திருப்போர் எழுந்திருக்கட்டும். இருசாராருக்கும் பாவசங்கீர்த்தனத்தின் வாசல் திறந்தே இருக்கிறது. பழுதுபார்த்த கோவிலைவிடத் திரும்பி வந்த ஓர் ஆத்துமமே நம் ஜூபிலிக்கு அழகு.

புனித அருளானந்தரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.