குருவி காட்டிய வழி

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்

சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் எங்கள் ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து ஒரு சிட்டுக்குருவிக் குஞ்சு கீழே விழுந்தது. இறகு முளைக்காத, கண் திறவாத சிற்றுயிர். மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் சேர்த்துக்கொள்ளாது என்றார் அப்பத்தா. ஆகவே நானும் தங்கையும் கொட்டாங்கச்சியில் பஞ்சு வைத்து அதை வளர்க்கத் துணிந்தோம். திரியை நனைத்துப் பால் விட்டோம். குழைந்த சோற்றை ஊட்டினோம். மறுநாள் விடியலில் அது விறைத்துக் கிடந்தது. தங்கை அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதிலும் விலங்கியல் மாணவன்! ஒரு குஞ்சைக் காக்கத் தெரியவில்லையே என்று அவள் வாய்விட்டுக் கேட்டிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

அந்த உறுத்தலோடு கல்லூரி நூலகத்தில் பறவை நூல்களைத் தேடப் போனவன், பறவையியல் அறிஞர் சாலிம் அலி அவர்களின் வாழ்க்கையில் போய் நின்றேன். நான் கண்ட அம்மேதையை நண்பர்களுக்கும் அறிமுகப்படுத்த விழைகிறேன்.

1896 நவம்பர் 12 அன்று பம்பாயில் பிறந்தவர் சாலிம் அலி. ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமிருத்தீன் தயாப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். மாமா வேட்டைப் பிரியர். சிறுவனின் கையிலும் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. வீட்டுக் குதிரை லாயத்தில் ஒரு பெண் சிட்டுக்குருவி அடைகாத்தது. ஆண் குருவி வெளியே காவல் இருந்தது. சிறுவன் அந்த ஆணைச் சுட்டான். சிறிது நேரத்தில் வேறோர் ஆண் அந்த இடத்துக்கு வந்தது. அதையும் சுட்டான். இப்படி ஏழு நாட்களில் எட்டு ஆண் குருவிகள். படிக்கும்போது எனக்கு மனம் பதறியது. ஆனால் அந்தப் பையன் சுட்டதோடு நிற்கவில்லை. கண்டதை ஒரு குறிப்பாக எழுதி வைத்தான். பல்லாண்டுகள் கழித்து அந்தக் குறிப்பு அச்சிலும் ஏறியது.

பிறகு ஒருநாள் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் தீற்றல் தெரிந்தது. அது என்ன குருவி என்று மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் அனுப்பி வைத்தார். வெள்ளைக்காரரைப் பார்க்க நடுக்கத்தோடு போன சிறுவனை அவர் அன்போடு வரவேற்று, அது மஞ்சள் கழுத்துச் சிட்டு என்று சொல்லி, பஞ்சு அடைத்துப் பாதுகாத்த பறவைகளை எல்லாம் எடுத்துக் காட்டினார். அன்று திறந்த கதவு பிறகு மூடவே இல்லை.

படிப்பு மட்டும் அவருக்குச் சரியாக அமையவில்லை. கல்லூரியைப் பாதியில் விட்டுப் பர்மாவில் குடும்பத் தொழிலைப் பார்க்கச் சென்றார். அங்கும் கண் பறவைகள் மேல்தான். 1917-இல் திரும்பி வந்து விலங்கியல் கற்றாலும் பல்கலைக்கழகப் பட்டம் பெறவில்லை. அதனால் அரசின் விலங்கியல் ஆய்வுத் துறையில் வேலை கிடைக்கவில்லை. பட்டத்துக்காகவே வீட்டார் வயிற்றைக் கட்டிப் படிக்க வைக்கும் என் போன்றவனுக்கு இந்த இடம் விசித்திரமாக இருந்தது. அவருடைய குடும்பம் வசதியானது, பட்டமில்லாமலும் தாக்குப் பிடிக்க முடிந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1926-இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் ஆனார். 1928-இல் விடுப்பெடுத்து ஜெர்மனி சென்று, பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெஸ்மன் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். 1930-இல் திரும்பியபோது பணமில்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள். மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்ற கடலோரச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார்.

வேறு ஒருவராயிருந்தால் மனம் ஒடிந்திருப்பார். அவரோ அருகிலிருந்த தூக்கணாங்குருவிக் கூடுகளைப் பார்க்கத் தொடங்கினார். நாள்தோறும் மணிக்கணக்கில் பார்த்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி வரை பின்னும். பெண் வந்து சோதித்துப் பார்க்கும், பிடித்தால் குடியேறும். அதன் பிறகே ஆண் கூட்டை முடித்துக் கொடுத்து, அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணை அழைக்கும். அடைகாப்பதும் குஞ்சுக்கு ஊட்டுவதும் பெரும்பாலும் பெண்ணின் பாடுதான். இவை வெளிவந்ததும் அறிஞர் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. வேலை போன ஒருவர் பொறுமையாகப் பார்த்துக் கண்டறிந்தவை இவை. நான் கொட்டாங்கச்சியை நினைத்துக் கொண்டேன்.

பிறகு ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என்று சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைகளைக் கணக்கெடுத்தார். முகாம்களில் உடனிருந்த தெஹ்மினா 1939-இல் மறைந்தார். 1941-இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல் வந்தது. டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிகள் 1968 முதல் 1974 வரை வெளியாயின. 1976-இல் பத்ம விபூஷண், 1985-இல் மாநிலங்களவை உறுப்பினர் பதவி. 1987 ஜூன் 20 அன்று காலமானார். கோவையை அடுத்த ஆனைக்கட்டியில் உள்ள பறவையியல் ஆய்வு மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒன்றை மறைக்க எனக்கு மனமில்லை. ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டுச் சேகரிப்பதை அவர் பிற்காலத்திலும் தவறென்று கருதவில்லை. இனத்தைப் பிரித்தறிய அது தேவை என்பது அவர் கட்சி. அறிவுக்கு அது விளங்குகிறது. எட்டு ஆண் குருவிகளை நினைத்தால் மனம் இன்னும் ஒப்பவில்லை.

எங்கள் விலங்கியல் பேராசிரியரிடம் பழைய குஞ்சின் கதையைச் சொன்னேன். சிட்டு தானியம் தின்றாலும் குஞ்சுக்குத் தருவது பெரும்பாலும் புழு பூச்சிதான் என்றார். பறவைக்குப் பால் செரிக்காது. குஞ்சின் நாக்கை ஒட்டியே மூச்சுக்குழல் வாய் இருப்பதால் சொட்டுச் சொட்டாய் விட்டது நுரையீரலுக்குள் போயிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கை பட்டதற்காகத் தாய்க்குருவி குஞ்சை ஒதுக்குவதில்லை.

இவ்வாண்டு மாசியில் மீண்டும் ஒரு குஞ்சு விழுந்தது. பக்கத்து வீட்டு ஏணியை வாங்கி, அதைக் கூட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். அப்பத்தாவுக்கு நம்பிக்கையில்லை. மூவரும் திண்ணையின் மறுகோடியில் அசையாமல் உட்கார்ந்தோம். அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தாய் வந்தது. வாயில் ஒரு பச்சைப் புழு. தங்கை என் கையைக் கிள்ளினாள்.