ஈற்றரசன் சங்கிலி குமாரன்

யாழ்ப்பாணத்தை ஆண்ட தமிழ் வேந்தருள் இறுதியில் அரியணை அமர்ந்தவன் சங்கிலி குமாரன். நல்லூர் முத்திரைச் சந்தியிற் குதிரைமீது வாளேந்தி வீற்றிருக்கும் அவன் சிலையைக் காணாதார் நம் நாட்டில் மிகச் சிலரே. 1974ஆம் ஆண்டில் நாட்டப்பெற்ற அச்சிலை 2011ஆம் ஆண்டிற் புத்துருப் பெற்றது. சிலையை அறிந்த அளவிற்கு அரசனை நாம் அறிந்தோமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது. அவன் ஆண்டது ஈராண்டளவே. அவ்வீராண்டின் முடிவில், மூன்று நூற்றாண்டுக்கு மேல் நிலைபெற்ற ஆரியச் சக்கரவர்த்திகளின் அரசு திடீரென வேரற்று வீழ்ந்தது. அது அத்துணை விரைவில் வீழ்ந்தது எவ்வாறு? அதன் விளைவு யாழ்ப்பாணத்தோடு நின்றதா? இவ்விரு வினாக்களுக்கும் அவன் வரலாறே விடை தரும்.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். சங்கிலி என்னும் பெயருடைய மன்னர் இருவர். முன்னவன் செகராசசேகரன் என்னும் பட்டப்பெயரோடு 1519 முதல் 1561 வரை ஆண்டவன். 1544ஆம் ஆண்டில் மன்னாரிற் புதிதாகக் கிறித்தவ சமயந் தழுவியோரைக் கொல்வித்தவன் அவனே. பின்னவனே நாம் கூறும் சங்கிலி குமாரன். ஒல்லாந்தர் காலத்தில் மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை இருவர் செய்திகளையும் ஒருவன்மேல் ஏற்றிக் கூறிற்று. அதனால் முன்னவன் செய்கையும் பின்னவன் முடிவும் மக்கள் வாயில் ஒன்றாய்க் கலந்துவிட்டன.

சங்கிலி குமாரன் தலையெடுத்த காலத்தில் யாழ்ப்பாண அரசு பண்டைய வலியோடு இருந்திலது. 1560ஆம் ஆண்டு பறங்கியர் நல்லூரைத் தாக்கியதோடு மன்னாரையும் கைக்கொண்டனர். 1591ஆம் ஆண்டு மீண்டும் படையெடுத்து, அப்போது ஆண்ட மன்னனைக் கொன்று, எதிர்மன்னசிங்கம் என்பானைத் தம் திறையரசனாக முடிசூட்டினர். எதிர்மன்னசிங்கம் கூர்மதியினன். பறங்கியருக்குத் திறை கொடுத்தும், தென்னாட்டிலிருந்து கண்டியரசனுக்குச் செல்லும் படைக்கும் பொருளுக்கும் மறைவில் வழிவிட்டும், இருபதாண்டுக்கு மேல் இரு பக்கமும் சாயாது அரசு நடாத்தினான். நந்தியுருவும் சேது என்னும் எழுத்தும் பொறித்துக் காசு வெளியிட்ட பழங்குடியின் மானம் அவனுடைய சூழ்ச்சித் திறத்தால் ஒருவாறு காக்கப்பட்டது.

அவன் இறந்தபோது மைந்தன் இளஞ்சிறுவன். சிறுவன் வளருமளவும் அரசைக் காக்கும் பொறுப்பு அரசகேசரிபால் வந்தது. காளிதாசரின் காவியத்தைத் தழுவி இரகுவமிசத்தைத் தமிழிற் பாடியவர் இவரே என்பது வழிவழி வந்த கொள்கை. 1617ஆம் ஆண்டு, அரச குடும்பத்தவனாகிய சங்கிலி குமாரன் அரசகேசரியையும், அரசுரிமைக்கு இடையூறாவார் எனக் கருதிய பிறரையும் கொன்று ஆட்சியைக் கைப்பற்றினான். அக்கொள்கை மெய்யாயின், அவன் ஏறிய அரியணையிற் படிந்தது ஒரு புலவன் குருதியுமாகும்.

வாளாற் பெற்றதனை வாளாலேயே காத்தல் வேண்டும். உறவினரைக் கொன்றவனை உறவினர் நம்பார்; குடிகளும் நம்பார். அவனும் ஒருவரையும் நம்பமாட்டான். வள்ளுவனார் கொடுங்கோன்மையை அடுத்து வெருவந்த செய்யாமை என ஓர் அதிகாரம் வகுத்த நுட்பம் இவ்விடத்துச் சிந்திக்கற்பாலது. குடிகளை வருத்துதல் ஒரு குற்றம். அவர்கள் அஞ்சி நடுங்குமாறு ஆளுதல் மற்றொரு குற்றம். சங்கிலி குமாரன்பால் இரண்டும் இருந்தன. உள்நாட்டில் துணையற்ற அவன் வெளியே துணை தேடினான். திறை செலுத்துவதாகவும், பறங்கியரின் பகைவருக்கு இடங்கொடுப்பதில்லை எனவும் உடன்பட்டுப் பறங்கியரின் ஏற்பைப் பெற்றான். வேறு ஏற்ற ஒருவர் கிடையாமையால் அவர்களும் அரைமனத்தோடு இசைந்தனர்.

1618ஆம் ஆண்டு கிறித்தவ முதலிமார் சிலர் முன்னிற்கக் குடிகள் கிளர்ந்தெழுந்தனர். நிலைகுலைந்த சங்கிலி குமாரன் தஞ்சை இரகுநாத நாயக்கனிடம் உதவி வேண்டினான். கரையார் குலத் தலைவனாகிய வருணகுலத்தான் ஐயாயிரவர் கொண்ட படையொடு வந்து கிளர்ச்சியை அடக்கினான் என்பர். அரியணை மீண்டது, ஆயின் அந்த உதவியே அவனுக்கு நஞ்சாயிற்று. தஞ்சைப் படை நல்லூரில் நிலைகொண்டால் கண்டிக்குச் செல்லும் வழி திறந்துவிடும் எனப் பறங்கியர் அஞ்சினர். திறை ஒழுங்காக வாராமையும் அவர்களுக்குக் காரணமாயிற்று. கொழும்பிலிருந்த தலைமைத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, பிலிப் தெ ஒலிவேறா என்பானைப் படையொடு அனுப்பினான்.

1619ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யாவும் முடிந்தன. நீண்ட முற்றுகை இல்லை; நாடு முழுவதும் திரண்டெழுந்த போரும் இல்லை. ஈராண்டு அச்சத்தால் ஆளப்பட்ட குடிகள் அரசனுக்காக உயிர்விடத் துணியவில்லை. தோல்வியுற்ற சங்கிலி குமாரன் கடல்வழியே இந்தியக் கரையை அடைய முயன்றபோது பிடிபட்டான். கொழும்புக்கும் அங்கிருந்து கோவாவுக்கும் கொண்டுசெல்லப்பெற்றான். அங்கே விசாரணை நடத்தி 1623ஆம் ஆண்டு அவனைக் கொன்றனர். பிறரை ஈவிரக்கமின்றிக் கொன்றவனாயினும், தன்னாட்டினின்றும் பெயர்க்கப்பட்டு அந்நியர் மன்றில் உயிர்நீத்த அவன் முடிவை எண்ணுங்கால் நெஞ்சு கலங்காதிராது.

அவன் செய்த கொடுமைக்குத் தண்டனை அவனோடு முடிந்திருப்பின் நாம் வருந்தவேண்டுவதில்லை. கொடுங்கோலன் ஒருவன் வீழ்ந்தமையால் குடிகளுக்கு வாழ்வு வரும் எனக் கிளர்ச்சி செய்தோர் எண்ணியிருத்தல் கூடும். வந்தது வாழ்வன்று. அரசன் இருந்த இடத்தில் வேறு தமிழரசன் அமரவில்லை. பறங்கித் தளபதியே அமர்ந்தான். 1621ஆம் ஆண்டு ஒலிவேறா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தான். தலைநகரும் நல்லூரை விட்டு யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாறியது. தஞ்சை நாயக்கன் மீண்டும் படையனுப்பியும் பயனில்லை. 1620ஆம் ஆண்டு அவன் தரங்கம்பாடியை டேனியருக்கு அளித்தமையால் அக்கரையிலும் புதியதோர் ஐரோப்பியக் கொடி ஏறிற்று.

தெற்கேயும் அலை சென்றது. வடவழி அடைபட்டபின் பறங்கியர் கீழ்கரையை நாடினர். 1624ஆம் ஆண்டளவில் திருக்கோணமலையிற் கோணேசர் கோயிலை இடித்து அக்கல்லைக் கொண்டே கோட்டை எழுப்பினர். 1628இல் மட்டக்களப்பிலும் கோட்டை கட்டினர். கடலினின்றும் துண்டிக்கப்பட்ட கண்டியரசு 1638ஆம் ஆண்டு ஒல்லாந்தரைத் துணையழைத்தது. அவ்வொல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைத் தமதாக்கினர். 1795இல் ஆங்கிலேயர் அவரிடமிருந்து அதனைப் பறித்தனர். ஒரு சிற்றரசின் வீழ்ச்சி இலங்கைத் தீவு முழுவதன் ஊழையும் திருப்பிய வகை இதுவாகும்.

எம் மயிலிட்டிக் கரையில் நின்று வடக்கே நோக்குவார் இதனை எளிதில் உணர்வர். கோடிக்கரைக்கும் இக்கரைக்கும் இடையிலுள்ள கடல் மன்னர் காலத்தில் பெருந்தெருவாய்ப் பயன்பட்டது. படையும் புலவரும் வணிகரும் அதன்வழி வந்தனர். 1619க்குப்பின் அது பிறர் காவல்புரியும் அகழியாயிற்று. அயலிலுள்ள கீரிமலை நகுலேச்சரமும் பறங்கியர் கையால் அழிந்தது என்பர். ஆட்சியாளர் பூசலிற் குடிகள் நிலம் இழத்தல் பழங்கதை மாத்திரமன்று. 1990ஆம் ஆண்டு போரினால் ஊரைவிட்டுப் பெயர்ந்த மயிலிட்டி மக்களுக்கு, அவர்தம் மீன்பிடித் துறை 2017ஆம் ஆண்டிலேதான் மீண்டது. இருபத்தேழு ஆண்டுப் பிரிவை அறிந்தார்க்கு, முந்நூறாண்டுக்கு மேலாய் அந்நியர் பலர் மாறிமாறி ஆண்ட நாட்டின் துயரை விரித்துரைத்தல் வேண்டா.

இனி, சங்கிலி குமாரனை எவ்வாறு நினைத்தல் தகும்? வீரன் என்று மட்டும் போற்றின் அரசகேசரியின் குருதிக்கு நாம் கண்மூடியவராவோம். கொடியன் என்று மட்டும் தூற்றின் நாட்டைக் கவர்ந்தோர் செய்த கொடுமையை மறைத்தவராவோம். அரசன் கொடியனாயினும் அரசு குடிகளுடையது. அதனை இழந்தவரும் அவரே. முடி போனபின்பும் எஞ்சியது குடிகளின் வழக்காறு ஒன்றே. 1707ஆம் ஆண்டு ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமை இன்றும் நம் மன்றங்களில் வழங்குகின்றது. வாளால் வந்த ஆட்சி ஈராண்டில் அழிய, மக்கள் ஒழுகிவந்த முறைமை நான்கு நூற்றாண்டு கடந்து நிற்கின்றது. முத்திரைச் சந்தியைக் கடப்போர் அச்சிலையில் இவ்விரண்டையும் ஒருங்கே காண்பாராக.