அச்சுத் தொழிலாளி பெஞ்சமின் பிராங்க்ளின்

பெஞ்சமின் பிராங்க்ளின் என்றவுடன் இடிதாங்கியைக் கண்டுபிடித்த சாஸ்திர நிபுணர் என்றும், 1776-ம் வருடத்து அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட ராஜதந்திரி என்றுமே நம்மவர் அறிவர். ஆயினும் தமது மரண சாசனத்தில் அவர் தம் பெயரை அடுத்து முதற்கண் எழுதிக்கொண்டது அச்சுத் தொழிலாளி என்பதே. பட்டறையும் உளியும் ஜீவனமாகக் கொண்ட விசுவகர்ம குலத்தாராகிய நமக்கு அத்தொழிலாளியின் சரித்திரமே அதிகம் வேண்டுவதாகும்.

அவர் 1706-ம் வருடம் ஜனவரி மாதம் 17-ந் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையார் மெழுகுவர்த்தியும் சவுக்காரமும் செய்து விற்பவர். மக்கள் பதினேழு பேர். மகனுக்கு எத்தொழிலில் நாட்டம் என்றறியத் தச்சர், கடைசல்காரர், கன்னார் ஆகியோர் வேலை செய்யுமிடங்களுக்கு அவனை அழைத்துச் சென்று காட்டினார். முடிவில் பன்னிரண்டாம் வயதில் தமையன் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் பயிற்சிக்கு விட்டார். தமையனோடு மனஸ்தாபம் முற்றவே, 1723-ல் பையன் ஓடிப்போய்ப் பிலடெல்பியா சேர்ந்தான்.

அக்காலத்தில் வெர்னன் என்பவர், பென்சில்வேனியாவில் தமக்கு வரவேண்டிய 35 பவுன் தொகையை வாங்கித் தாம் கேட்கும்வரை வைத்திருக்கும்படி பிராங்க்ளினிடம் ஒப்புவித்தார். குடிப்பழக்கமுள்ள சிநேகிதன் ஒருவன் சிறிது சிறிதாகக் கடன் கேட்க, அப்பணத்திலிருந்தே கொடுத்துவிட்டார். சிநேகிதன் திருப்பித் தரவில்லை. உடையவர் என்றைக்குக் கேட்பாரோ என்னும் அச்சம் பல வருஷம் அவரை வாட்டியது. கடைசியில் வெர்னன் நினைவூட்டியபோது, உண்மையை ஒப்புக்கொண்டு தவணை கேட்டு எழுதினார்; கையில் பணம் வந்தவுடன் வட்டியும் முதலுமாகச் செலுத்தினார். மரத்துக்கென்று வாங்கிய அச்சாரத்தை வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டு, வாடிக்கைக்காரரைக் கண்டால் வேறு தெருவில் திரும்பும் நம் இளைஞருக்கு இவ்வச்சத்தை விவரிக்க வேண்டுவதில்லை.

லண்டனில் சிலகாலம் வேலை செய்து 1726-ல் திரும்பிய அவர், 1728-ல் மெரிடித் என்பவரோடு கூட்டாக அச்சுக்கூடம் தொடங்கினார். முதல் போடுவதாகச் சொன்ன மெரிடித்தின் தந்தையாரால் பாதிக்குமேல் கொடுக்க இயலவில்லை. நின்றுபோன 100 பவுனுக்காகக் கடன்காரர் வழக்குத் தொடுத்தார். யந்திரமும் எழுத்துக்களும் ஏலம் போகும் நிலைமையில், கோல்மன், கிரேஸ் என்னும் இரு நண்பர்கள், ஒருவர் செய்தது மற்றொருவருக்குத் தெரியாமல், அவர் கேளாமலே தனித்தனியே வந்து வேண்டும் பணத்தைத் தருவதாகக் கூறினர்.

இவ்வளவு நம்பிக்கை எவ்விதம் உண்டாயிற்று? அவர் எளிய உடையே தரித்தார். வீண் பொழுதுபோக்கும் இடங்களில் காணப்படவில்லை. கடையில் வாங்கிய காகிதத்தைத் தாமே தள்ளுவண்டியில் தெரு வழியே கொண்டுவந்தார். ஓரிரவு கோத்து முடித்த எழுத்துக்களில் இரண்டு பக்கம் சிதறிக் கலைந்தன. அவற்றை மறுபடி கோத்த பின்னரே படுக்கச் சென்றார். அயலார் இவற்றையெல்லாம் பார்த்திருந்தனர். நாணயம் என்னும் ஒரே சொல் காசையும் நம்பகத்தையும் குறிப்பது நம் பாஷையின் அழகு.

1730-ல் மெரிடித் விலகினார். கூட்டின் கடன்களை ஏற்பது, தந்தையார் போட்ட 100 பவுனைத் திருப்புவது, மெரிடித்துக்கு 30 பவுனும் ஒரு புதுச் சேணமும் கொடுப்பது என்று யாவும் எழுத்தில் முடிந்தன. அவ்வருஷமே டெபொரா அம்மையாரை வாழ்க்கைத் துணையாக ஏற்றார். அவ்வம்மையார் கடையைக் கவனித்தார். புத்தகங்களை மடித்துத் தைத்தார். காகிதம் செய்வோருக்கு வேண்டிய கந்தைத் துணிகளை வாங்கிச் சேர்த்தார். அக்காலத்துப் பேரேடுகள் இன்றளவும் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. தினசரி நேரத் திட்டத்தில் பகல் 12 மணி முதல் 2 மணி வரை போஜனம், வாசிப்பு, கணக்குப் பார்வை ஆகியவற்றுக்கென ஒதுக்கினார்.

இவர் பிறவியிலேயே ஒழுங்குள்ளவர் என்று எண்ணிவிடலாகாது. பதின்மூன்று நற்குணங்களைச் சிறு புத்தகத்தில் எழுதி நாள்தோறும் தம்மைச் சோதித்துவந்த அவருக்கு, அவற்றுள் ஒழுங்கு என்பதே கடைசிவரை வசப்படவில்லை. ஞாபகசக்தி அபாரமாக இருந்தமையால் இளமையில் ஒழுங்கின்மையின் கஷ்டம் தெரியவில்லை என்பது அவரே கூறிய காரணம். சுவரில் கரிக்கோடும் மனத்தில் கணக்குமாகக் காலந்தள்ளும் நம் பட்டறைக்காரர் இதனைக் கவனிக்க.

1737-ல் பிலடெல்பியாவின் தபால் அதிகாரி வேலை அவருக்குக் கிடைத்தது. அதுவரை அவ்வேலையிலிருந்த பிராட்போர்டு, தொழிலில் அவருக்குப் போட்டியாளர். அவர் கணக்கைக் காலத்தில் ஒப்புவியாமலும் திருத்தமின்றியும் விட்டதே வேலை பறிபோன காரணம். சம்பளம் சொற்பமாயினும், பிராங்க்ளினுடைய பத்திரிகை அதன்பின் வெகுதூரம் பரவி, விளம்பர வருமானம் பெருகிற்று.

தம்மிடம் தேர்ந்த வேலைக்காரரை வேற்றூர்களில் அச்சுக்கூடம் வைக்கச் செய்வது அவர் வழக்கம். சார்லஸ்டன் நகரில் செலவில் மூன்றிலொரு பங்கு கொடுத்து, லாபத்தில் மூன்றிலொரு பங்கு பெறுவதென ஆறு வருஷ உடன்படிக்கை செய்துகொண்டார். ஒவ்வொருவர் கடமையும் முன்னரே எழுதப்பட்டமையால் இத்தகைய கூட்டுகள் சச்சரவின்றி முடிந்தன. அந்நகரில் திமோதி என்பவர் கல்விமான், யோக்கியர், ஆனால் கணக்கறியார். அவர் உயிரோடிருந்தவரை திருப்தியான கணக்கு ஒன்றும் வரவில்லை. 1738-ல் அவர் இறந்தபின் மனைவி எலிசபெத் அம்மையார் பொறுப்பேற்றார். பெண்களுக்கும் கணக்குக் கற்பிக்கும் ஹாலந்து தேசத்தில் வளர்ந்தவர். பழைய கணக்கை இயன்றமட்டும் தெளிவாக்கி அனுப்பியதோடு, மூன்று மாதத்துக்கொரு முறை தவறாமல் கணக்கு ஒப்புவித்தார். மக்களைக் கௌரவமாக வளர்த்து, தவணை முடிவில் அச்சுக்கூடத்தை விலைக்கே வாங்கி மகனுக்கு ஏற்படுத்தினார். நம் வீடுகளில் கணவன் காலமானபின் பாக்கி யார் யாரிடம் என்றறியாது திகைக்கும் கைம்பெண்களை நினைக்குந்தோறும், பிராங்க்ளினுடைய வாழ்க்கையில் இப்பகுதியே முதன்மையானதென்று எமக்குத் தோன்றுகிறது.

1748-ல், 42-ம் வயதில், டேவிட் ஹால் என்னும் கூட்டாளியிடம் தொழிலை ஒப்புவித்து, பதினெட்டு வருஷம் லாபத்தில் பங்கு பெற்றார். சாஸ்திர ஆராய்ச்சிக்கும் தேசத் தொண்டுக்கும் அவகாசம் இவ்வாறு கிட்டிற்று. அடிமைகளை வைத்திருந்ததும், அடிமை விற்பனை விளம்பரங்களை அச்சிட்டதும் அவர் வாழ்விலுள்ள களங்கமே; முதுமையில், 1787-ல், அடிமைத்தன ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார்.

1790-ம் வருடம் ஏப்ரல் 17-ந் தேதி காலமானார். இளமையில் இருவர் கொடுத்த கடனால் தாம் முன்னுக்கு வந்ததை மறவாது, பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் ஆயிரம் பவுன் வீதம் சாசனத்தில் வைத்திருந்தார். தொழிற்பயிற்சி முடித்த, 25 வயதுக்குட்பட்ட, மணமான தொழிலாளருக்கு இருவர் ஜாமீனில் 15 முதல் 60 பவுன் வரை கடன். வட்டி நூற்றுக்கு ஐந்து. வருஷந்தோறும் முதலில் பத்திலொரு பாகம் திருப்ப வேண்டும். பழைய பயிற்சி முறை மறையவே கடன் கேட்போர் குறைந்து, நிதி அவர் கணித்த அளவு வளரவில்லை. ஆயினும் அதன் ஒரு பகுதியைக் கொண்டு 1908-ல் பாஸ்டனில் தொழிற்கல்விச்சாலை திறக்கப்பட்டது. அவர் குறித்த இருநூறு வருஷத் தவணை 1990-ல் முடிந்தபோது, இரு நகரங்களின் நிதிகளிலுமாக அறுபது லட்சம் டாலருக்கு மேல் இருந்தது.