அறுபத்தெட்டில் ஒரு தொடக்கம்

1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள், சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் ஒரு புற்றுநோய் மருத்துவமனை தன் பணியைத் தொடங்கியது. அதை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கு அன்று 68 வயது நிறைய இன்னும் ஆறு வாரங்கள் இருந்தன. அரசு ஊழியர்கள் 55 வயதிலேயே ஓய்வு பெற்றுவிடும் காலம் அது. பேரக்குழந்தைகளைக் கொஞ்சிக்கொண்டும் கோயில் குளம் என்று சுற்றிக்கொண்டும் நாள்களைக் கழிக்க வேண்டியதுதான் என்று ஊரார் தீர்ப்பு எழுதிவிடும் வயதில், அவர் ஒரு மருத்துவமனையைத் திறந்துவைத்தார்.

அவருடைய வாழ்க்கையை நம் பாடநூல்கள் 'முதல்' என்னும் சொல்லால் அடுக்கிச் சொல்லிவிடுகின்றன. ஆடவர் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண், சட்டப்பேரவையின் முதல் பெண் உறுப்பினர், முதல் பெண் துணைத் தலைவர். அத்தனையும் உண்மை. ஆனால், அந்த முதன்மைகள் பெரும்பாலும் அவருடைய 45 வயதுக்கு முன்பே முடிந்துவிட்டவை. அதன் பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். அந்த நாற்பது ஆண்டுகளைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே பேசுகிறோம். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, கட்டுமாவடியில் வசிக்கும் எனக்கு இப்போது அந்தப் பிற்பகுதிதான் அதிகம் தேவைப்படுகிறது.

முத்துலட்சுமியை எங்கள் மாவட்டத்துக்காரர் என்று உரிமை கொண்டாடுவதில் எனக்கு ஒரு சிறு தயக்கம் உண்டு. அவர் பிறந்த 1886-இல் புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். அந்தச் சமஸ்தானத்துக்குக் கடலே கிடையாது. பாக் நீரிணைக் கரையில் இருக்கும் கட்டுமாவடி அப்போது ஆங்கிலேயரின் தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1974-இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோதுதான் நாங்கள் அவருடைய ஊர்க்காரர்களானோம். அதற்குள் அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன.

தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். பெண் குழந்தைகள் பூப்பெய்தியதும் பள்ளியை மறந்துவிட வேண்டிய நாளில், முத்துலட்சுமி வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். ஆடவர் மட்டுமே படித்த கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு கிளம்பியபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கிட்டு அனுமதி அளித்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பது திருமணத்துக்கு அவர் விதித்த நிபந்தனை. கண்ணியமான முதுமை அறுபதாவது வயதில் திடீரென வந்து சேர்வதில்லை என்பதற்கு அந்த 28 வயது மணமகளை நான் சாட்சியாகக் கொள்கிறேன். இளமையில் தன் வாழ்வைப் பற்றித் தானே முடிவெடுக்கப் பழகாத ஒருவர், முதுமையில் அந்த உரிமையைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பெறுவது மிகக் கடினம்.

1926-இன் இறுதியில் சென்னை சட்டப்பேரவைக்கு நியமிக்கப்பட்டார். மறு ஆண்டே அதன் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை எதிர்த்து அவர் நடத்திய போராட்டம் எல்லோரும் அறிந்தது. முதுமையோடு அதற்குள்ள தொடர்பைத்தான் நாம் கவனிப்பதில்லை. கோயில் பணியில் இருந்த பெண்கள் சிறுமியரைத் தத்தெடுத்ததும் பொட்டுக் கட்டியதும் வெறும் மரபுப் பற்றால் மட்டும் அல்ல. கணவன் இல்லை, மகன் வீட்டு நிழல் இல்லை. உடல் தளர்ந்த பிறகு தன்னைக் காப்பாற்ற ஒரு மகள் வேண்டும் என்ற அச்சமும் அதன் பின்னால் இருந்தது. ஒரு தலைமுறையின் முதுமைக்கு அடுத்த தலைமுறையின் இளமை ஈடாக வைக்கப்பட்டது. அந்த முடிச்சின் ஒரு நுனியை முத்துலட்சுமி சரியாகப் பிடித்தார் என்றே கருதுகிறேன். அவருடைய முயற்சியால் 1929-இல் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் வந்த திருத்தம், கோயில் பணிக்கு ஈடாக மானிய நிலங்களை அனுபவித்துவந்த பெண்களை அந்தப் பணியிலிருந்து விடுவித்து, நிலத்தை அவர்களுக்கே உரிமையாக்க வழிசெய்தது. பணியை விடு, ஆனால் சோற்றுக்கான நிலம் உன்னுடையதாகவே இருக்கட்டும் என்பது அதன் உட்பொருள். மானியம் இல்லாத பெண்களுக்கு அந்தத் திருத்தம் எதுவும் தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாழ்வாதாரத்தை இழந்தவர்களின் குரலை அந்த இயக்கம் போதுமான அளவு கேட்கவில்லை என்று ஆய்வாளர்கள் இன்றும் குறை கூறுகின்றனர். அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது.

முழுமையான தடைச் சட்டம் 1947 நவம்பரில்தான் நிறைவேறியது. பேரவையில் அவர் அந்தப் பேச்சைத் தொடங்கி இருபது ஆண்டுகள் ஓடியிருந்தன. காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து 1930-இலேயே தன் பதவியைத் துறந்துவிட்டார். பதவி போன பின்பும், தலை நரைத்த பின்பும் அந்தச் சட்டத்தை அவர் கைவிடவில்லை. சட்டம் வந்தபோது அவருக்கு 61 வயது.

1930-இல் வேறொன்றும் நடந்தது. பொட்டுக் கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த சிறுமியருக்கு இடம் தர விடுதிகள் மறுத்தன. அவர்களைத் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது. அந்தப் பெயர்த் தேர்வு என்னை எப்போதும் வியக்கவைக்கிறது. கைவிடப்பட்ட சிறுமியரின் இல்லத்துக்கு ஒரு மூதாட்டியின் பெயர்! தமிழ் நினைவில் அவ்வை என்றதும் தோன்றுவது கோலூன்றி ஊர் ஊராகச் சென்று, மன்னர்களிடமும் குழந்தைகளிடமும் ஒரே தொனியில் பேசிய ஒரு கிழவி. அவள் யாருக்கும் பாரமாக இருந்ததில்லை. யாருடைய தயவிலும் ஒடுங்கிக் கிடந்ததில்லை. முதுமைக்கு இவ்வளவு மதிப்பான ஓர் உருவத்தைத் தன் இலக்கியத்தில் வைத்திருக்கும் சமூகம், வீட்டுத் திண்ணையில் இருக்கும் கிழவியை ஏன் அப்படிப் பார்ப்பதில்லை என்பது வேறு கேள்வி.

புற்றுநோய் மருத்துவமனைக்கான வித்து இன்னும் முன்னதாகவே விழுந்துவிட்டது. 1923-இல் அவருடைய தங்கை புற்றுநோயால் மாண்டார். மருத்துவரான தமக்கையால் அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடிந்தது. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் தன் எண்ணத்தை வெளியிட்டார். நாற்பதுகளின் இறுதியில் இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டத் தொடங்கினார். புற்றுநோயாளிகள் எப்படியும் இறக்கப் போகிறவர்கள், அவர்களுக்கு எதற்குத் தனி மருத்துவமனை என்று நினைத்தவர்கள் அதிகாரத்தில் இருந்தனர். இறக்கப் போகிறவர் என்ற காரணத்தால் ஒருவருக்குச் சிகிச்சை மறுக்கலாம் என்றால், முதியவர் எவருக்குமே சிகிச்சை தேவையில்லை என்றாகிவிடும். முத்துலட்சுமி அந்த வாதத்தை ஏற்கவில்லை. சிறு சிறு நன்கொடைகளாகப் பணம் சேர்ந்தது. 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். தங்கையின் மரணத்துக்கும் மருத்துவமனையின் முதல் நாளுக்கும் இடையே 31 ஆண்டுகள். கணவர் அந்த நாளைக் காண இல்லை. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அறுவை மருத்துவராக உடன் நின்றார். 1955-இல், அரசு மருத்துவமனை வேலையை வேண்டாம் என்று விட்டுவிட்டு, டாக்டர் சாந்தா என்ற 28 வயதுப் பெண் வந்து சேர்ந்தார்.

இந்த இடத்தில் என் ஊருக்கு வருகிறேன். கட்டுமாவடியின் மீன் சந்தையில் விடியற்காலையில் கூடை தூக்கும் பெண்களில் பலர் எழுபதைத் தொட்டவர்கள். கணவனைக் கடலுக்குக் கொடுத்தவர்களும் உண்டு. அவர்களைக் கண்டு இரக்கப்படுவது எளிது. இந்த வயதிலும் உழைக்க வேண்டியிருக்கிறதே என்று நானும் இரங்கியிருக்கிறேன். ஆனால், பேச்சுக் கொடுத்துப் பார்த்தால் வேறொன்று தெரியவருகிறது. இடுப்புச் சுருக்குப்பையில் தன் காசு இருக்கும் கிழவிக்கு வீட்டில் ஒரு சொல் இருக்கிறது. பேத்தியின் படிப்பு, பேரனின் திருமணம் எதுவானாலும் அவளைக் கேட்டுத்தான் முடிவாகிறது. முதியோர் உதவித்தொகை மட்டுமே வருவாயாக உள்ள மூதாட்டியின் வங்கி அட்டை பெரும்பாலும் மகன் கையிலோ மருமகள் கையிலோ இருக்கிறது. தமிழகத்தில் 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய அந்த உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. தொகையின் அளவைப் போலவே, அது யார் கைக்குப் போகிறது என்பதும் முக்கியம். வீடும் அப்படித்தான். பிள்ளைகள் கேட்டார்கள் என்று மனையை எழுதிக் கொடுத்துவிட்டு, அதே மனையின் பின்கொட்டகையில் படுத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் திரும்பப் பெற 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு இடம் தருகிறது. அந்த நிபந்தனையை ஆவணத்தில் எழுதச் சொல்ல எங்கள் ஊரில் பலருக்கு வாய் வருவதில்லை. மகனைச் சந்தேகிப்பதாக ஆகிவிடுமாம்.

1991-இல் ஐக்கிய நாடுகள் அவை முதியோருக்கான கோட்பாடுகளை ஐந்து தலைப்புகளில் வகுத்தது. சுதந்திரம், பங்கேற்பு, பராமரிப்பு, தன் ஆற்றலை நிறைவு செய்துகொள்ளும் வாய்ப்பு, கண்ணியம் என்பவை அவை. நம் பேச்சு எப்போதும் மூன்றாவதிலேயே நின்றுவிடுகிறது. பிள்ளை சோறு போடுகிறானா, மருந்து வாங்கித் தருகிறானா என்று கேட்பதோடு சரி. முத்துலட்சுமியின் பிற்பகுதி வாழ்க்கையில் மற்ற நான்கும் எவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்திருக்கின்றன என்று பாருங்கள். அவரைச் சுற்றி எப்போதும் இளையவர்கள் இருந்தனர். இல்லத்துச் சிறுமியர், மாதர் சங்கப் பெண்கள், மகன் வயது மருத்துவர்கள் எனப் பலர் அவரைத் தேடி வந்தனர். தன் வயதொத்தவர்களோடு மட்டும் அமர்ந்து பழங்கதை பேசும் நிலை அவருக்கு வரவில்லை. மாநில சமூக நல வாரியத்தின் தலைவராக இருந்தார். 1956-இல், 70-ஆவது வயதில் பத்மபூஷண் விருது வந்தது. 1964-இல் தன் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டபோது 78 வயது.

அவருக்குப் படிப்பு இருந்தது, வருவாய் இருந்தது, பெற்றவர்களின் துணையும் பிள்ளைகளின் துணையும் இருந்தன. கூடை தூக்கும் பெண்ணோடு அவரை ஒப்பிடலாமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அவருக்குப் பிறப்பும் உழைப்பும் சேர்ந்து தந்தவற்றை, எளியவர்களுக்கு அரசும் ஊரும் சேர்ந்துதான் தர வேண்டும். சிலவற்றுக்கு வழியும் பிறந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அறந்தாங்கிக்குப் பேருந்து ஏற முடியாத முழங்கால்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பது முழங்கால் வலித்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால், மீன் வகை பிரிப்பதிலும் கருவாடு பதப்படுத்துவதிலும் ஐம்பது ஆண்டு அனுபவம் உள்ள கையிடம் எதையேனும் கற்றுக்கொள்ளலாம் என்று எந்தத் திட்டமும் இன்னும் நினைக்கவில்லை. மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி தர வெளியூரிலிருந்து ஆள் வருகிறார்கள். உள்ளூர்க் கிழவிகள் பந்தலுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். அவர்களில் இருவரைப் பயிற்றுநராக அமர்த்தி, அதற்கு ஊதியமும் கொடுத்தால் அரசுக்கு ஆகும் செலவு அதிகமில்லை.

முத்துலட்சுமி ரெட்டி 1968 ஜூலை 22-ஆம் நாள் மறைந்தார். 82 வயது நிறைய எட்டு நாள்களே இருந்தன. அவர் விட்டுச் சென்ற மருத்துவமனையைக் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் வளர்த்தனர். கிருஷ்ணமூர்த்தி 2010-இல் காலமானார். சாந்தா மருத்துவமனை வளாகத்திலேயே தங்கியிருந்து, நோயாளிகளிடையே வாழ்ந்து, 2021 ஜனவரியில் தன் 93-ஆவது வயதில் மறைந்தார்.