இசைத்தட்டில் வாழும் இளைஞர்

காற்றில் பிறந்து காற்றிலேயே மறைவது இசை. பாடுவோர் பாட்டை நிறுத்தியதும், கேட்டோர் நெஞ்சில் அது நினைவாக மட்டுமே எஞ்சும். இந்நிலையை மாற்றிய கருவிகள் இரண்டு. ஒன்று இசைத்தட்டு, மற்றொன்று ஒலிநாடா. இவ்விரண்டின் துணையால், இருபத்திரண்டு ஆண்டுகளே உலகில் வாழ்ந்தும், அறுபது ஆண்டுகட்கு மேலாக மக்கள் செவியில் வாழ்ந்து வருபவர் பட்டி ஹாலி என்னும் அமெரிக்கப் பாடகர். 'ராக் அண்டு ரோல்' எனப்படும் இசைவகைக்கு அடிகோலியோருள் அவரும் ஒருவர்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் உள்ளது டெக்சாஸ் மாநிலம். அதன் வடமேற்கே, பருத்தி விளையும் பரந்த சமவெளியில் அமைந்தது லப்பக் என்னும் நகரம். அந்நகரில் 1936-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7-ஆம் நாள் பட்டி பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சார்லஸ் ஹார்டின் என்பது. மக்கள் நால்வருள் கடைக்குட்டியாகிய அவரை வீட்டார் பட்டி என்றே செல்லமாக அழைத்தனர்.

அக்குடும்பத்தில் செல்வம் மிகுதியில்லை. இசைப்பற்று மிகுதியாக இருந்தது. பட்டிக்கு ஐந்து வயதானபோது அண்ணன்மார் அவரையும் ஒரு பாட்டுப் போட்டிக்கு அழைத்துச் சென்றனர். அவர் கையில் ஒரு வயலினையும் கொடுத்தனர். அவருக்கோ அதனை வாசிக்கத் தெரியாது. ஆதலின் அதிலிருந்து ஓசை எழாதபடி மூத்த அண்ணன் மசகு தடவிவைத்தார். சிறுவர் பட்டி, ஊமை வயலினை இழுத்துக்கொண்டே வாயாற் பாடினார், பரிசும் பெற்றார்! பின்னர் மற்றோர் அண்ணனிடம் கிதார் வாசிக்கக் கற்றுக்கொண்டார். இரவு வேளைகளில் தொலைவிலுள்ள வானொலி நிலையங்களின் பாட்டைக் கேட்டு மகிழ்வார். வெள்ளையரின் நாட்டுப்புற இசையும் கறுப்பின மக்களின் துயர் கலந்த இசையும் அக்காலத்தில் வேறு வேறாகவே கருதப்பட்டன. பட்டியின் செவி அவ்வேறுபாட்டைப் பாராட்டவில்லை.

முதல் தோல்வி

1955-ஆம் ஆண்டில் எல்விஸ் பிரெஸ்லி என்னும் இளம் பாடகர் லப்பக் நகருக்கு வந்து பாடினார். அவர் பாட்டைக் கேட்டது முதல், புதுவகை இசையே தம் வழி என்று பட்டி துணிந்தார். அடுத்த ஆண்டில் டெக்கா என்னும் இசைத்தட்டுக் குழுமம் அவருடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒப்பந்தத் தாளில் அவருடைய குடும்பப் பெயரின் ஓர் எழுத்து விடுபட்டுப் போயிற்று. அப்பிழைப் பெயரே அவருக்கு நிலைத்த பெயராயிற்று.

நாஷ்வில் நகரில் அக்குழுமம் பதிவுசெய்த பாடல்கள் சிறப்புறவில்லை, தட்டுகளும் விலைபோகவில்லை. 1957-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒப்பந்தம் முடிவுற்றது. இருபது வயது இளைஞருக்கு இஃது எத்துணை மனச்சோர்வைத் தந்திருக்கும்! ஆயினும் அவர் ஊக்கம் தளரவில்லை.

ஒலிநாடாவும் உழைப்பும்

லப்பக்கிலிருந்து ஏறத்தாழ 100 மைல் தொலைவில், நியூ மெக்சிகோ மாநிலத்தில் குளோவிஸ் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு நார்மன் பெட்டி என்பவர் ஓர் ஒலிப்பதிவுக் கூடம் நடத்தி வந்தார். பிற இடங்களில் மணிக்கணக்கிற் கட்டணம் பெறுவது வழக்கம். அவரோ பாடல் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்கினார். ஆதலின் கடிகாரத்திற்கு அஞ்சாமல், மனநிறைவு உண்டாகும் வரையில் விடிய விடியப் பாடிப் பார்க்க முடிந்தது.

ஒலிநாடா என்பது இரும்புத் துரு போன்ற நுண்பொடி பூசிய மெல்லிய நாடா. ஒலியானது மின்னோட்டமாக மாறி, அப்பொடியிற் காந்தக் குறிகளாகப் பதியும். வேண்டாததை அழிக்கலாம், ஒருமுறை பாடியதன்மேல் மறுமுறை பாடியதைச் சேர்க்கவும் செய்யலாம். இவ்வியல்பைப் பட்டி நன்கு பயன்படுத்தினார். ஒரு பாடலில் தம் குரலோடு தம் குரலையே இணைத்து, இருவர் பாடுவதுபோல் அமைத்தார். மற்றொரு பாடலுக்கு முரசு மிகையாகத் தோன்றியது. முரசுக்காரர் தம் தொடையைத் தட்டிய ஓசையே தாளமாயிற்று. வேறொன்றில் வெற்று அட்டைப் பெட்டியும் தாளக்கருவியாயிற்று.

நாஷ்வில்லில் பாழ்போன பாடல் ஒன்றை, 1957 பிப்ரவரி 25-ஆம் நாள் இங்கே அவர் மீண்டும் பதிவுசெய்தார். பழைய ஒப்பந்தம் அவர் பெயரால் அதனை வெளியிட இடந்தரவில்லை. எனவே அவர்தம் குழுவிற்குச் சுவர்க்கோழியைக் குறிக்கும் 'கிரிக்கெட்ஸ்' என்ற பெயரைச் சூட்டித் தட்டை வெளியிட்டனர். 'தட்ல் பி த டே' என்னும் அப்பாடல் அவ்வாண்டு செப்டம்பரில் அமெரிக்காவிலும், நவம்பரில் பிரிட்டனிலும் விற்பனையில் முதலிடம் பெற்றது. ஒதுக்கப்பட்ட பாட்டே உயர்வைத் தந்தது!

புகழும் இடரும்

1958-ஆம் ஆண்டில் அவர் ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் பாடினார். தடித்த கறுப்புச் சட்டமிட்ட மூக்குக்கண்ணாடியோடும், கையிற் கிதாரோடும் அவர் மேடையேறிய தோற்றம் இளைஞர் மனத்திற் பதிந்தது. கண்பார்வைக் குறையை மறைக்க அவர் முயலவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் மரியா எலினா என்பவரை மணந்து நியூயார்க்கிற் குடியேறினார்.

ஆண்டின் இறுதியில் பெட்டியிடமிருந்தும் தம் குழுவினரிடமிருந்தும் அவர் பிரிந்தார். பணக்கணக்குத் தீராமையால், பாடல்கள் ஈட்டிய பொருள் அவர் கைக்கு வந்து சேரவில்லை. புகழ் இருந்தது, பொருள் இல்லை. இந்நிலையில், தம் வீட்டிலேயே ஓர் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு, கிதார் மட்டுமே துணையாகப் புதிய பாடல்கள் சிலவற்றைத் தனியே பாடிப் பதிவுசெய்தார்.

கொடும்பனி

பொருள் முடை காரணமாக, 1959 சனவரியில் ஓர் இசைச் செலவிற்கு அவர் உடன்பட்டார். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் அது கடுங்குளிர்க் காலம். பாடகர்கள் சென்ற பேருந்துகளில் வெப்பமூட்டும் கருவி பழுதுற்றது. முரசுக்காரர் கால்கள் குளிரால் தாக்குண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

பிப்ரவரி 2-ஆம் நாள் அயோவா மாநிலத்துக் கிளியர் லேக் என்னும் ஊரில் நிகழ்ச்சி முடிந்தது. மீண்டும் பேருந்திற் செல்ல அஞ்சிய பட்டி, சிறு விமானம் ஒன்றை வாடகைக்கு அமர்த்தினார். நள்ளிரவு கடந்து, 3-ஆம் நாள் ஒரு மணியளவில் அது புறப்பட்டது. கண்ணாற் காண இயலாத இருளிலும் பனியிலும் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் தகுதியை விமானி பெற்றிருக்கவில்லை. வானிலை கெடுவது பற்றிய எச்சரிக்கையும் அவருக்குச் சென்றடையவில்லை. சில நிமிடங்களில் விமானம் வயலில் வீழ்ந்து நொறுங்கியது. பட்டியும், ரிச்சி வாலன்ஸ், ஜே. பி. ரிச்சர்ட்சன் என்னும் பாடகர் இருவரும், விமானியும் உயிர் துறந்தனர். கருவுற்றிருந்த மனைவியார் இச்செய்தியைப் பொதுச்செய்தி வாயிலாகவே அறிய நேர்ந்தது. வயிற்றிலிருந்த மகவும் தங்கவில்லை.

எஞ்சிய நாடாக்கள்

வீட்டில் எஞ்சியிருந்த நாடாக்களைக் குழுமத்தார் பெற்று, பிறர் வாசித்த இசையை அவற்றின்மேற் சேர்த்துத் தட்டுகளாக வெளியிட்டனர். 1960-களில் பெட்டியும் அவ்வாறே செய்தார். அதனால் ஒரே பாடல் இருவேறு கோலங்களில் வழங்கலாயிற்று. பழந்தட்டுகளைத் திரட்டுவோர் இவ்விரண்டையும் ஒப்புநோக்கி, கலப்பற்ற மூலப்பதிவு எங்கே கிட்டும் என்று நெடுங்காலம் தேடினர்.

அவர் விதைத்த வித்து அயல்நாட்டிலும் முளைத்தது. 1958-ஆம் ஆண்டில் லிவர்பூல் நகர இளைஞர் சிலர் தம் முதல் தட்டிற் பாடியது பட்டியின் பாட்டையே. அன்று வெட்டப்பட்டது ஒரே ஒரு தட்டு. அவ்விளைஞர்களே பின்னாளில் 'பீட்டில்ஸ்' என உலகப் புகழ் எய்தினர். அவருள் ஒருவராகிய பால் மெக்கார்ட்னி 1981-இல் அத்தட்டைத் தேடிப் பெற்றுப் போற்றிவைத்தார்.

பட்டியின் குரல் பதிந்த தட்டுகளை இன்றும் பலர் தூசி துடைத்து, கீறல் படாமற் காத்து வருகின்றனர். ஊசி சுழலும் தட்டைத் தொட்டவுடன், முதலில் மெல்லிய சலசலப்பு எழும். அதன்பின் இருபத்திரண்டு வயது இளைஞரின் குரல், மூப்பு எய்தாமல், பாடியவாறே ஒலிக்கும். தோல்வியுற்ற பாட்டை மீண்டும் பாடிய அவர்தம் விடாமுயற்சியே அக்குரலைத் தட்டில் நிலைநிறுத்தியது.