சில்லறைக் காசில் எழுந்த வங்கி

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தலைநகர் ரிச்மண்ட். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864ஆம் ஆண்டு, அந்நகரில் பிறந்தவர் மேகி லீனா வாக்கர். அவருடைய தாய் அடிமை வாழ்விலிருந்து மீண்ட கறுப்பினப் பெண். வளர்ப்புத் தந்தை 1876இல் இறந்துவிடவே, தாய் பிறர் துணிகளை வெளுத்துக் குடும்பத்தைக் காத்தார். வெளுத்த துணிகளை வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பது சிறுமி மேகியின் வேலையாயிற்று. ஒவ்வொரு காசின் அருமையையும் அவர் உணர்ந்தது அத்தெருக்களில்தான்.

பள்ளிப் படிப்பை முடித்த மேகி ஆசிரியரானார். மணமான பெண்கள் பள்ளியில் கற்பிக்கக் கூடாது என்பது அக்கால விதி. எனவே, 1886இல் திருமணம் நடந்ததும் அவர் அப்பணியை விட நேர்ந்தது. எனினும், அவருடைய பொதுப்பணி நிற்கவில்லை. நோயுற்றோருக்கு உதவுவதும் இறந்தோரின் இறுதிச் சடங்கிற்குப் பொருள் தருவதும் புனித லூக்கா சங்கத்தின் நோக்கங்கள். பதினான்கு வயதிலேயே அதில் சேர்ந்திருந்த மேகி, 1899இல் அதன் தலைமைச் செயலாளர் ஆனார். அப்போது சங்கத்தின் கையிருப்பு 31 டாலர் 61 சென்ட் மட்டுமே. கடனோ அதனினும் பெரிது. கலைந்துபோகும் நிலையிலிருந்த சங்கத்தை அவர் கணக்கறிவாலும் அயரா உழைப்பாலும் மீட்டெடுத்தார்.

அந்நாளில் ரிச்மண்டின் கறுப்பினப் பெண்களுக்கு வீட்டு வேலை, துணி வெளுத்தல், புகையிலை ஆலைக் கூலி ஆகியவற்றைத் தவிர வேறு வழிகள் அரிதாகவே இருந்தன. அவர்தம் சிறுசேமிப்பு அவர்களுக்கே பயன்பட வேண்டும் என்று மேகி எண்ணினார். நகரின் வங்கி ஒன்றிற்கு நாள்தோறும் சென்று, அதன் நடைமுறைகளை அருகிருந்து கற்றார். 1903ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் புனித லூக்கா சிறுசேமிப்பு வங்கி திறக்கப்பட்டது. அமெரிக்காவில் வங்கிக்கு உரிமம் பெற்று, அதன் தலைவராகவும் விளங்கிய முதல் கறுப்பினப் பெண் என்னும் பெருமை மேகியைச் சேர்ந்தது. முதல் நாளில் வெறும் 31 சென்டுடன் வந்தவருக்கும் அங்குக் கணக்குத் தொடங்கப்பட்டது. சிறுவர்கள் காசு சேர்க்க உண்டியல்கள் வழங்கப்பட்டன. பெண்கள் எழுத்தர்களாகவும் இயக்குநர்களாகவும் பொறுப்பேற்றனர். சலவைத் தொழிலாளரின் காசு, சொந்த வீடு வாங்க விரும்பிய குடும்பங்களுக்குக் கடனாகச் சென்றது.

எல்லா முயற்சிகளும் வெற்றி பெற்றுவிடவில்லை. பெண்களுக்கு விற்பனைப் பணி அளிக்க 1905இல் அவர் தொடங்கிய பல்பொருள் அங்காடி, வெள்ளை வணிகர்களின் எதிர்ப்பால் தளர்ந்து, சில ஆண்டுகளில் மூடப்பட்டது. இல்வாழ்விலும் துயரம் சூழ்ந்தது; 1915இல் கணவரை இழந்தார். பின்னாளில் நடக்க இயலாமற்போக, சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அலுவல்களைக் கவனித்தார்.

பெரும் பொருளாதார வீழ்ச்சி நாடெங்கும் வங்கிகளைச் சாய்த்தபோது, தலைமைப் பதவியைவிட மக்களின் சேமிப்பையே அவர் பெரிதாகக் கருதினார். ரிச்மண்டில் இருந்த பிற கறுப்பின வங்கிகளோடு தம் வங்கியை இணைத்து, புதிய நிறுவனத்தின் இயக்குநர் குழுத் தலைவரானார். அந்த இணைப்பால் வங்கி நிலைத்தது; ஏழைகளின் சேமிப்பும் தப்பியது.

மேகி 1934ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் மறைந்தார். ரிச்மண்டில் அவர் வாழ்ந்த இல்லம் இன்று தேசிய வரலாற்றுச் சின்னமாகத் திகழ்கிறது. துணி மூட்டை சுமந்த சிறுமி, தாம் உயர்ந்ததோடு நில்லாமல், கணக்கேட்டின் முன் அமரும் உரிமையைத் தம்மையொத்த பெண்களுக்கும் பெற்றுத் தந்தார்.