கிரியா, ரெட்டியா? 1969-ல் காங்கிரஸை உடைத்த கேள்வி

குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் 1969 மே மாதம் காலமானார். அடுத்து யார்? காமராஜர் உள்ளிட்ட காங்கிரஸ் மூத்த தலைவர்கள், ஆந்திர முதல்வராகவும் மக்களவைத் தலைவராகவும் இருந்த நீலம் சஞ்சீவ ரெட்டியை நிறுத்தினார்கள். துணைத் தலைவர் பதவியை விட்டுவிட்டு, சுயேச்சையாகக் களத்தில் குதித்தார் வி.வி.கிரி.

யார் இந்த கிரி? 1894-ல் பெர்ஹாம்பூரில் பிறந்தவர். அயர்லாந்தில் சட்டம் படித்தார். ரயில்வே தொழிலாளர் சங்கத் தலைவர். 1937-ல் ராஜாஜி அமைச்சரவையில் இருந்தார். வங்கி ஊழியர் சம்பளத் தீர்ப்பில் அரசு கைவைத்ததும், 1954-ல் மத்திய அமைச்சர் பதவியையே உதறினார்.

நிர்வாக அனுபவமா, தொழிலாளர் பக்கம் நின்றவரா? ரெட்டியை முன்மொழிந்த இந்திராவே, கடைசியில் மனசாட்சிப்படி ஓட்டுப் போடச் சொன்னார். கருணாநிதியின் திமுகவும் கிரி பக்கம். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதி கிடைக்கலை. அடுத்த விருப்ப வாக்குகளையும் சேர்த்ததும் கிரிக்கு 4,20,077, ரெட்டிக்கு 4,05,427. சில மாதங்களில் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது.

பதவியேறிய கிரி, இந்திரா சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார் என்ற விமர்சனம் உண்டு. 1980-ல் சென்னையில் காலமானார். ரெட்டியோ 1977-ல் போட்டியின்றி அதே நாற்காலியில் அமர்ந்தார்.

இந்தப் போட்டியில் தவளக்குப்பம் மக்கள் தேர்ந்தெடுத்த எம்எல்ஏவுக்கு ஓட்டே கிடையாது. புதுச்சேரி எம்எல்ஏக்களுக்கு அந்த உரிமையைத் தந்தது 1992-ல் வந்த 70-வது அரசியல் சட்டத் திருத்தம்தான்.